நான் கேட்காமல் எழுதிய பதில்

மூளைச்சாவை எந்தெந்தப் பரிசோதனைகளால் உறுதிப்படுத்துவது, யார் யார் கையொப்பமிட வேண்டும், கொழும்புக்கு எப்போது அறிவிப்பது என்பதெல்லாம் உங்களுக்குக் கொடுத்த கோப்பில் இருக்கிறது. அதைப் படியுங்கள். படிக்காமல் என்னிடம் வந்து கேட்டால் ஏச்சுத்தான் கிடைக்கும். எனக்குத்தான் பென்ஷன் வந்திருக்கிறது, என் வாய்க்கு இன்னும் வரவில்லை.

கோப்பில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இனி வாட்டில் மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பத்திடம் போய், "உறுப்புகளைத் தருவீர்களா" என்று கேட்கப்போகிறவர்கள் நீங்கள். தாதியாக இருந்த நான் அந்த வேலையைக் கடைசிப் பன்னிரண்டு வருடம் பார்த்தேன். அதை எனக்குத் தந்ததற்கு ஒரே காரணம், நான் இங்கே பக்கத்திலுள்ள தில்லையடிக்காரி என்பதுதான். "இந்தப் பக்கத்து ஆட்களை மிஸ்ஸிக்கு நல்லாத் தெரியும்" என்றார்கள். எனக்கும் அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. நான் செய்த பெரிய பிழையும் அந்தப் பெருமையிலிருந்துதான் வந்தது.

எங்கள் ஆஸ்பத்திரியின் இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அதே முகங்கள் வரும். கற்பிட்டியிலிருந்து வருகிறவர், உடப்பிலிருந்து வருகிறவர், சிலாபம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறவர். எந்தக் கதிரைக்கு மேல் காற்றாடி ஒழுங்காகச் சுற்றும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஒருநாள் ஒரு கதிரை காலியாக இருக்கும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்த வாரம் அதில் புது ஆள் உட்கார்ந்திருப்பார். அந்தப் பிரிவைக் கடந்துதான் நான் தினமும் ஐ.சி.யுவுக்குப் போவேன். உறுப்புக்குத் தட்டுப்பாடு, சட்டம் போதாது, வைத்தியர்கள் போதாது, வசதி போதாது என்று நானும் எல்லோரையும் போலப் புலம்புவேன். அதெல்லாம் உண்மைதான். ஆனால் என் வாட்டில் தட்டுப்பாடு தொடங்கிய இடம் என் பேனை என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது.

பள்ளிவாசல்துறையைச் சேர்ந்த ஒரு மீனவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வந்தார். நாற்பது வயது இருக்கும். மூன்றாம் நாள் காலையில் மூளை முற்றாகச் செயலிழந்துவிட்டது என்று வைத்தியர்கள் உறுதி செய்தார்கள். மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, ஆள் போய்விட்டார். வெளியே வாங்கில் அவருடைய மனைவி கையில் தஸ்பீஹு மணியுடன் உட்கார்ந்திருந்தா. பெயர் நபீஸா. அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தா.

எங்கள் மயக்க மருந்து வைத்தியர் என்னிடம் வந்தார். அவர் சிங்களவர், தமிழ் கொச்சையாகப் பேசுவார். "மிஸ்ஸி, அந்த நோனாகிட்ட கதைச்சதா?" என்று கேட்டார்.

"வேலையில்ல சேர். எங்கட ஆக்கள் குடுக்க மாட்டாங்க. மையித்தில கத்தி படவே விட மாட்டாங்க" என்றேன்.

"கேட்டதா, கேக்க இல்லையா?"

"கேட்ட மாதிரித்தான் சேர்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் அலாரம் அடித்தது, ஓடிவிட்டார். படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும், உங்களுக்குத் தெரியும்: குடும்பத்தினரின் பதில் என்ன? நான் பேனையை எடுத்து "விருப்பமில்லை" என்று எழுதினேன்.

அதை நான் பொய் என்று நினைக்கவில்லை, கேளுங்கள். இரக்கம் என்று நினைத்தேன். பாவம், புருஷன் மவுத்தாகி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, இதைப் போய்க் கேட்டு அந்தப் பொம்பிளையின் நெஞ்சைக் கிளறுவதா என்று நினைத்தேன். அதற்குப் பதிலாகக் கடதாசி வேலைகளை ஓடி ஓடி முடித்து, பின்னேர அஸர் தொழுகைக்கு முன் ஜனாஸாவை அடக்கக் கூடியதாக அனுப்பி வைத்தேன். மவுத்தானவரின் அண்ணன் என்னிடம் வந்து, "அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவான் மிஸ்" என்றார். நான் வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டேன். என்ன கறி என்பதுகூட நினைவிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

ஏழெட்டு மாதம் கழித்து நபீஸா தன் மாமியாரை நீரிழிவு கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா. நடைபாதைச் சுவரில் உறுப்பு தானம் பற்றிய படம் ஒன்று ஒட்டியிருப்பார்களே, மூன்று பாஷையிலும் எழுதி, அதற்கு முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் நேரே வந்தா.

"மிஸ், என்னைத் தெரியுதா?"

"தெரியாமலா? மாமிக்கு எப்பிடி?"

"மாமி நல்லா இருக்கிறா. இந்தப் படத்தில எழுதியிருக்கிறது மிஸ், தலையில அடிபட்டு மவுத்தாகிறவங்கட கிட்னியை எடுத்து மத்தவங்களுக்கு வைக்கலாம் எண்டு. எங்கட அவரும் அப்பிடித்தானே மவுத்தானார்?"

"ஓம்."

"அப்ப ஏன் மிஸ் என்னட்டக் கேக்கல்ல?"

நான் ஏதோ சொன்னேன். கவலையில் இருந்தீங்க என்றேன், கரைச்சல் தரக் கூடாது என்று நினைத்தேன் என்றேன். கடைசியில் அந்தப் பாழாய்ப்போன வார்த்தை வாயில் வந்தது. "எங்கட ஆக்கள் விரும்ப மாட்டாங்க எண்டுதான்..."

"எங்கட ஆக்கள் எண்டா ஆரு மிஸ்? நானா?"

குரலை உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன், எனக்கும் அது சுகமாக இருந்திருக்கும். அவ நிதானமாகச் சொன்னா: "அவர் வள்ளத்தைக் கரைக்கு இழுத்த உடனே, கறிக்கு இல்ல எண்டு வந்து நிக்கிறவங்களுக்குக் குடுத்திட்டுத்தான் மீன் கூடையைத் தூக்குவார். அந்த மனிசன்ட விஷயம் மிஸ் இது. நீங்க கேட்டிருந்தா நான் ஓம் எண்டிருப்பனோ, வேணாம் எண்டிருப்பனோ, எனக்கே தெரியாது. ஆனா அது என்ட பதில். அதை நீங்க செல்லிட்டீங்க."

பிறகு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, மருந்து கொடுக்கிற இடம் எங்கே என்று கேட்டா. நான் காட்டிவிட்டேன். அதன் பின் சேலைன் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அந்த மயக்க மருந்து வைத்தியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஏசாமல் பழைய படிவங்களை எடுத்து என் முன் வைத்து, "இந்த 'விருப்பமில்லை' எல்லாத்திலயும் நீங்க உண்மையாக் கேட்டது எது?" என்றார். ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எத்தனை என்று உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. அந்தக் கதிரைகளுக்குப் பக்கத்தால் நடந்து வீட்டுக்குப் போக அன்றைக்கு என்னால் முடியவில்லை. பின்வாசலால் போனேன்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பள்ளிவாசல்துறைக்கு பஸ் ஏறினேன், மாப்புக் கேட்க. நபீஸா என்னை உட்காரவைத்து, பிளேன்டீ தந்து, "மாப்பு அல்லாஹ்ட்டக் கேளுங்க மிஸ், என்னட்ட என்ன இருக்கு" என்றா. அப்படிச் சொன்னாலும் முகம் கொஞ்சம் இளகிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதுதான் தெரிந்தது, அந்தப் பக்கத்தில் பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டக் கூப்பிடுவது நபீஸாவைத்தான். புருஷன் போன பிறகு, இத்தா என்ற விதவைக் காத்திருப்பு முடிந்ததும் அந்தக் காரியத்தில் இறங்கியிருக்கிறா.

"நீங்க டொக்டருமாருக்குப் படிச்சுக் குடுக்கிறீங்க, மௌலவிமாரோட கதைக்கிறீங்க" என்றா. "குளிப்பாட்டுறவங்களோட ஆராவது கதைச்சீங்களா?"

"அவங்களுக்கும் இதுக்கும் என்ன?"

"என்ன மிஸ் இப்பிடிக் கேக்கிறீங்க! மையித்தை முழுசாக் கடைசியாப் பாக்கிறது நாங்க. தையலைக் கண்டா முதல்ல பயப்படுறது நாங்க. வெளியில போய் ஒருத்தி வாய் விட்டாப் போதும். அந்தக் குடும்பம் காலத்துக்கும் அந்தக் கதையில கிடந்து சாகும்."

நான் முஸ்லிம் வீட்டில் பிறந்தவள், என் உம்மாவைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்றியவள். எனக்கு இது தோன்றவேயில்லை. மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் ஆகும் என்கிறார்களா, ஆகாது என்கிறார்களா என்பது மட்டும்தான் கேள்வி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குளிப்பாட்டுகிறவர்களுக்கு எங்களிடையே ஓர் ஒழுங்கு உண்டு, உங்களில் மற்றச் சமயத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: மையித்தில் நல்லதைக் கண்டால் சொல்லலாம், மற்றதை மறைத்துவிட வேண்டும். அது அவர்களை நம்பி ஒப்படைத்த அமானிதம். எங்கள் வேலைக்கு அதைவிடப் பெரிய துணை என்ன வேண்டும்? நபீஸா ஊர் மௌலவியிடம் பேசி, ஒரு பின்னேரம் ஏழெட்டுப் பெண்களைக் கூட்டினா. நான் படம் வரைந்து காட்டினேன். தையல் எங்கே இருக்கும், எப்படி மூடியிருக்கும், தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்ட கேள்விகள் போல எந்த மாணவியும் என்னிடம் கேட்டதில்லை. மௌலவியும் மழுப்பாமல் சொன்னார்: "இதில ஆலிம்களுக்கிடையில ரெண்டு கருத்து இருக்கு. நிபந்தனையோட ஆகும் எண்டு செல்லுறவங்களும் இருக்கிறாங்க. விக்கிறது மட்டும் ஹராம், அதில பேச்சில்ல. குடும்பம் என்ன முடிவெடுத்தாலும் ஜனாஸா தொழுகைக்கு நான் முன்னுக்கு நிப்பன்."

அடுத்த வருடம் வந்தது ஒரு பெண்பிள்ளையின் கதை. இருபத்தொன்பது வயது. தையல் மெஷினில் இருந்தபடியே தலைவலி என்று சொல்லிச் சரிந்திருக்கிறா. மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது. புருஷன் உப்பளத்தில் வேலை செய்கிறவர், வெயிலில் கறுத்த மெலிந்த பையன். கூட அந்தப் பிள்ளையின் உம்மா. பரிசோதனைகள் முடிந்து வைத்தியர் "மவுத்" என்ற சொல்லையே சொல்லித் தெளிவாக விளக்கினார். இதைக் கவனியுங்கள்: "மெஷினில் உயிர் இருக்கிறது" என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். சொன்னால், நீங்கள் உயிரை எடுக்கக் கேட்கிறீர்கள் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள்.

அவர்கள் அழுது ஓயும்வரை நான் கூட இருந்தேன். பிறகு கேட்டேன். இரண்டு பேருக்கு வாழ்வு கொடுக்கலாம், வேண்டாம் என்றாலும் எங்கள் கவனிப்பில் ஒரு குறையும் வராது என்று சொல்லிக் கேட்டேன். பையன் தலையைக் குனிந்துகொண்டார். உம்மா எழும்பி நின்றுவிட்டா.

"என்ட புள்ளையைக் கீறப் போறீங்களா? வேணாம்! வேணவே வேணாம்!"

பழைய ஆளாக இருந்தால் அந்த இடத்தில் பேனையை எடுத்திருப்பேன். கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று, யார் என்னைக் குறை சொல்ல முடியும்? ஆனால் அந்த "வேணாம்" எனக்கு விளங்கவில்லை. அவவுடைய கண் என்னில் இல்லை, மருமகனில் இருந்தது. வற்புறுத்தக் கூடாது, ஆனால் விளங்காமல் எழும்பவும் கூடாது. "சரி உம்மா, வேணாம் எண்டா வேணாம். என்ன பயம் எண்டு மட்டும் செல்லுவீங்களா?" என்றேன்.

முந்தானையைப் பிசைந்தா. பிறகு சொன்னா: "குளிப்பாட்டுற பொம்பிளைகள் காயத்தைக் கண்டா ஊரெல்லாம் கதை வரும். பொஞ்சாதிர கிட்னியை வித்துப்போட்டான் எண்டு இவரைத்தான் செல்லுவாங்க. என்ட மகள் போயிட்டா. இவர் இந்த ஊரிலதானே இருக்கணும்."

பையன் தலையைத் தூக்கி மாமியைப் பார்த்தார். மாமி தன்னைக் காப்பாற்றத்தான் வேண்டாம் என்கிறா என்பது அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. சமயமில்லை, கத்தியில்லை, மருமகனுக்கு ஒரு பழிச்சொல் வந்துவிடக் கூடாது என்ற பயம். இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

"குளிப்பாட்டுற ஒருத்தியைக் கூப்பிட்டுத் தரட்டா? அவவோட நீங்களே கதையுங்க" என்றேன். தலையாட்டினா. நபீஸாவுக்கு போன் எடுத்தேன். திரீவீலர் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தா. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை, நேரே போய் அந்த உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டா.

"நான் குளிப்பாட்டுறன் உம்மா. நானும், உங்கட சொந்தத்தில நீங்க செல்லுற ஒருத்தியும். வேற ஆரும் உள்ளுக்கு வேணாம். கண்டது எங்களோட கபுருக் குழிக்குப் போகும்" என்றா. கையை விடாமலே சொன்னா: "என்ட அவர் இதே இடத்திலதான் மவுத்தானார். என்னட்ட ஆரும் கேக்கல்ல. உங்களட்டக் கேக்கிறாங்க. ஓம் எண்டாலும் சரி, வேணாம் எண்டாலும் சரி, நான் உங்கட மகளைக் குளிப்பாட்டத்தான் வந்திருக்கன்."

உம்மா ஒன்றே ஒன்று கேட்டா: "எத்தின மணிக்கு மையித்தைத் தருவீங்க?" சீக்கிரம் அடக்குவது எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அஸருக்கு முன் என்று சொன்னால் அந்த முகம் தெளியும் என்பதும் தெரியும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சத்திரசிகிச்சைக் குழு கொழும்பிலிருந்து வர வேண்டும், அந்த நேரம் என் கையில் இல்லை. "எத்தின மணி எண்டு செல்ல ஏலாது உம்மா. பிந்தும். நாளைக்கும் ஆகலாம். ஆனா உங்கட மகளை இங்கிருந்து எடுக்கிறதிலிருந்து உங்கட வீட்டு வாசல் வரைக்கும் நான் அவவோட நிப்பன். தனிய விட மாட்டன்."

உம்மா மருமகனைப் பார்த்தா. "நீங்க செல்லுங்க மகன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவ தைச்சு மிஞ்சின துணித் துண்டைக் கூட எறிய விட மாட்டா மாமி. ஆருக்காவது உதவும் எண்டு ஒரு பேக்கில போட்டு வைப்பா. அந்த பேக் இன்னும் மெஷினுக்குக் கீழதான் இருக்கு. குடுப்பம்."

பிந்தத்தான் செய்தது. அடுத்த நாள் லுஹர் பகல் தொழுகைக்குப் பிறகுதான் அடக்கினார்கள். நான் சொன்னபடி நின்றேன், கால் வீங்கிவிட்டது. வீட்டின் பின்பக்கம் திரை கட்டி நபீஸாவும் உம்மாவின் தங்கையும் குளிப்பாட்டினார்கள். வெளியே பெண்கள் கூட்டம், நானும் அவர்களோடு. நபீஸா திரையை விலக்கிக்கொண்டு வந்ததும் ஒருத்தி கழுத்தை நீட்டி, "என்ன மாதிரி ராத்தா?" என்று கேட்டா. அந்தக் கேள்விக்குள் ஊரே நின்றது.

"முகம் நல்ல வெளிச்சம்" என்றா நபீஸா. "ஆம்பிளைகளைத் தொழ ஆயத்தமாகச் செல்லுங்க."

அவ்வளவுதான். நாற்பதாம் நாள் கத்தம் ஓதலில் உம்மாவே எல்லோர் முன்னிலையிலும், "என்ட மகள்ட கிட்னி ரெண்டு பேர்ட உடம்பில இருக்கு" என்று சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மருமகனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டுதான் சொன்னாவாம். ஒரு வாயும் திறக்கவில்லையாம். சிறுநீரகங்கள் எங்கள் ஆஸ்பத்திரிக் கதிரைகளில் இருந்த ஒருவருக்கும் கிடைக்கவில்லை, பொருத்தம் பார்த்து வேறெங்கோ போய்விட்டன. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பைத்தியக்காரி, எங்கே போனால் என்ன!

மறுக்காதவர்கள் எல்லோரும் சம்மதித்தவர்கள் என்று சட்டம் கொண்டுவந்தால் தட்டுப்பாடு தீரும் என்கிறார்கள் சிலர். வரட்டும், நான் குறுக்கே நிற்க மாட்டேன். உயிரோடு இருக்கும் சொந்தக்காரர்கள் தர முன்வந்தால் அதையும் கொண்டாடுங்கள். ஆனால் எந்தச் சட்டம் வந்தாலும் வாங்கில் உட்கார்ந்திருக்கும் அந்த மனைவிக்குப் பக்கத்தில் ஒருவர் போய் உட்காரத்தான் வேண்டும். அது நீங்கள்தான். "இவங்க குடுக்க மாட்டாங்க" என்று உங்கள் மனம் சொல்லும், உங்கள் சொந்த ஊர் ஆட்களைப் பற்றித்தான் அதிகம் சொல்லும். அந்த நேரத்தில் பேனையை மூடி வையுங்கள்.

இதோடு முடித்திருந்தால் நான் பெரிய ஆள் மாதிரி இருக்கும். இன்னும் ஒன்று இருக்கிறது. என் பிரியாவிடைக்கு நபீஸாவும் கருவாட்டுப் பொதியோடு வந்திருந்தா. ரோல்ஸைக் கடித்துக்கொண்டே, "மிஸ், உங்கட உறுப்புகளுக்கு என்ன செய்யணும் எண்ட முடிவு உங்கட மகனுக்குத் தெரியுமா?" என்று கேட்டா. எத்தனையோ குடும்பங்களிடம் கேட்டவள் என் வீட்டில் வாயே திறக்கவில்லை. மகன் ஐந்து நேரமும் பள்ளிவாசலுக்குப் போகிறவன், இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டான் என்று நானே நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அடுத்த நாள் பின்னேரம் தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன். மகன் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, சான்றிதழ்களுக்கு நடுவிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வந்து மேசையில் வைத்தான். உறுப்பு தானத்துக்கு அவனே பதிந்த அட்டை.

"ரெண்டு வருஷமாச்சு உம்மா."

"அட அல்லாஹ்வே! ஏன்டா என்னட்டச் செல்லல்ல?"

"நீங்க வேணாம் எண்டு செல்லுவீங்க எண்டு நினைச்சன்."

என்னையா! பன்னிரண்டு வருடம் இதே வேலை பார்த்த என்னையா! முதலில் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அன்றைக்கே நானும் கையொப்பம் போட்டேன், சாட்சி அவன். பிறகு நபீஸாவுக்கு போன் எடுத்து, என்னைக் குளிப்பாட்ட வருவாவா என்று கேட்டேன்.

"ஓம் மிஸ்" என்றா. "கேட்டது நல்லம். ஆனா அவசரமில்ல."